மலைச்சரிவுப் பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளுக்குக் கோல்ஃப் பழக்க வேண்டி மனு

அனுப்புநர்:
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
உதகை வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக் மட்டை, மென்பந்து கொண்டு கோல்ஃப் பழக்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பள்ளியில் விளையாட இடம் இருக்கிறது, சமதளம்தான் இல்லை. வாசலிலிருந்து தேயிலைத் தோட்டம் வரை ஒரே இறக்கம். கிரிக்கெட் ஆடினால் இரண்டாவது ஓவரிலேயே பந்து தேயிலைச் செடிக்குள் போய்விடும். மழைக்காலத்தில் எடுக்கப் போனால் அட்டை ஏறும். கபடிக்குக் கோடு போட்டால் ஒரு அணி எப்போதும் மேட்டில் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பதால் உடற்கல்வி ஆசிரியரும் இல்லை. ஆண்டு விழாவுக்கு சாக்கு ஓட்டம், எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம், அதோடு சரி.

மேடு பள்ளம் இருந்தால்தான் சுவை என்கிற விளையாட்டு ஒன்று எங்கள் மலையிலேயே வெள்ளைக்காரர் காலத்திலிருந்து நடக்கிறது. உதகையிலும் வெலிங்டனிலும் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. அங்கே மட்டைப் பை சுமப்பவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். 'கேடி' வேலை என்று சொன்னால் கீழே கோயம்புத்தூர்ப் பக்கம் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், அது வேறு கதை. காற்று எந்தப் பக்கம், புல் எவ்வளவு ஈரம், பந்து எங்கே திரும்பும் என்று விளையாடுபவருக்குச் சொல்வது அவர்தான். ஆனால் எங்கள் பிள்ளைகள் ஒருவர்கூட மட்டையைத் தொட்டதில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததுதான்.

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை என் வீட்டுக்காரர் நான்கு தைலமரக் குச்சிகளை வளைத்துக் கட்டி, பழைய டென்னிஸ் பந்துகளோடு பள்ளிக்கு வந்தார். தரையில் கொட்டாங்குச்சியைப் பதித்தோம். கோல்ஃப் குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். கொட்டாங்குச்சி கிட்டத்தட்ட அதே அளவு. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எட்டு முறை அடித்துப் பந்தைக் குழியில் போட்டுவிட்டு, "எனக்குத்தான் நிறைய!" என்று குதித்தாள். குறைவாக அடித்தவருக்குத்தான் வெற்றி என்றதும் முகம் விழுந்துவிட்டது. அப்புறம் மேட்டுப் பக்கம் போய் நின்று, நேரே அடிக்காமல் பந்தைச் சரிவில் உருளவிட்டாள். ஐந்தே முறை அடித்ததில் முடிந்தது. எட்டில் ஐந்து போனால் மூன்று என்று யாரும் கேட்காமலே சொன்னாள். 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் இதே கழித்தலுக்கு மணி எண்ணிக்கொண்டிருந்தவள் அவள்.

இது பணக்காரர் விளையாட்டு, தண்ணீரும் நிலமும் விழுங்கும் என்பார்கள். மைதானத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான், நாங்கள் மைதானம் கேட்கவில்லை. நிஜப் பந்து கல் மாதிரி இருக்கும், அதுவும் வேண்டாம். பிரிட்டனில் தொடக்கப் பள்ளிகளுக்கென்றே பிளாஸ்டிக் தலை வைத்த மட்டையும் மென்பந்தும் வைத்துச் சொல்லித் தருகிறார்கள். ஸ்காட்லாந்தில் 2014 ரைடர் கோப்பை என்ற பெரிய கோல்ஃப் போட்டியை நடத்தும் வாய்ப்பு கிடைத்தபோது, ஒன்பது வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்த விளையாட்டைக் காட்டுவோம் என்று திட்டமே போட்டார்கள். பெங்களூரு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பிடித்தார். அங்கே அவருக்குப் பை தூக்கியது அவருடைய அம்மா. இதைச் சொன்னதிலிருந்து எங்கள் பகுதிப் பெண்களுக்குக் கேடி வேலை மேல் தனி மரியாதை.

ஆகவே, முதலில் ஒரு குறுவள மையத்துக்கு (பக்கத்துப் பள்ளிகளின் தொகுப்பு) உட்பட்ட பள்ளிகளுக்கு மட்டும் இரண்டு பெட்டி மட்டைகள் வாங்கித் தர வேண்டுகிறோம். பள்ளிக்கு ஒரு வாரம் என்று சுற்றில் விட்டுக்கொள்வோம். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவோ, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாகவோ இதற்கு நிதி கிடைக்குமா என்று பார்த்துச் சொல்லவும். சொல்லிக் கொடுக்க வெளியூர்ப் பயிற்சியாளர் தேவையில்லை. அனுபவமுள்ள கேடிகள் இங்கேயே இருக்கிறார்கள். ஒரு நாள் வேலையை விட்டு வருவதால் அவர்களுக்கு ஒரு மதிப்பூதியம் மட்டும் கொடுத்தால் போதும். இலவசமாகச் செய்யச் சொல்வது நியாயமில்லை. மாதம் ஒரு காலை, ஆட்டம் இல்லாத நேரத்தில், பயிற்சிப் புல்தரையில் பிள்ளைகளை விடும்படி மைதான நிர்வாகங்களிடம் தாங்கள் ஒரு வார்த்தை பேசினால் மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

ஜனவரியில் தொடங்கினால் மழை இருக்காது. உறைபனி கரைய வேண்டும் என்பதால் காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களின் கையொப்பங்களை இணைத்துள்ளோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவோடு ஒரு தைலமரக் குச்சியையும் கொண்டு வருகிறோம்; காவலர்கள் வாசலில் பிடுங்கி வைக்காமல் இருக்கச் சொல்லவும்.

இடம்: உதகமண்டலம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு