கியரில் போட்டே இழுத்துப் போங்கள்

கன்னங்குறிச்சி,
சேலம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். படகு வாங்கிவிட்டீர்கள், லைஃப் ஜாக்கெட்டும் வாங்கிவிட்டீர்கள், அந்த அளவு புரிந்ததும் அவள் எழுந்து போய்விட்டாள். மீதியைக் கேட்டது நான்தான். படகைக் காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப் போகும்போது, படகின் பின்பக்கம் மாட்டியிருக்கும் அவுட்போர்டு மோட்டாரைக் கியரில் போட்டு வைக்க வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை. நியூட்ரலில்தான் விட வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். போனில் சொன்னால் பாதி மறந்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை சொல்வதுதான் சரி. இன்ஜினை அணைத்துவிட்டு முன் கியரில் போட்டு வையுங்கள். ஆனால் அவர் சொல்கிற காரணம் தப்பு. நியூட்ரலில் விட்டால் காற்றுக்கு ப்ரொப்பெல்லர் சுற்றும், கூடவே தண்ணீர் பம்பும் வறட்சியாகச் சுற்றி, அதற்குள் தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லர் தேய்ந்துவிடும் என்று சொன்னாராமே. அப்படி நடக்காது. ஏன் என்று சொல்கிறேன், அவரிடமும் படித்துக் காட்டு.

மோட்டாரின் அடியில், தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் கால் போன்ற பகுதியில், எண்ணெய்க்குள், மூன்று பல்சக்கரங்கள் இருக்கின்றன. மேலே இன்ஜினிலிருந்து நேராக இறங்கி வரும் ஷாஃப்ட்டின் நுனியில் பினியன் என்று ஒரு சின்னப் பல்சக்கரம். அதோடு எப்போதும் பல் கோத்தபடி முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம்: ஒன்று ஃபார்வர்டு, ஒன்று ரிவர்ஸ். இந்த இரண்டும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மேல் சும்மா சுற்றக்கூடியவை, அதோடு ஒட்டியவை அல்ல. இரண்டுக்கும் நடுவில் டாக் கிளட்ச் என்று ஒரு துண்டு முன்னும் பின்னும் நகரும். அது எந்தச் சக்கரத்தைக் கவ்வுகிறதோ அந்தக் கியர். எதையும் கவ்வாமல் நடுவில் நின்றால் நியூட்ரல்.

இப்போது யோசி. நியூட்ரலில் காற்று ப்ரொப்பெல்லரைச் சுழற்றினால் எதெல்லாம் சுற்றும்? ப்ரொப்பெல்லர், அதன் ஷாஃப்ட், டாக் கிளட்ச், அவ்வளவுதான். பினியன் நிற்கிறது, மேலே போகும் ஷாஃப்ட் நிற்கிறது. தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் அந்த மேல் ஷாஃப்ட்டில்தான் மாட்டியிருக்கிறது. அதுவும் நிற்கிறது. கியரில் இருந்தால் இன்ஜின் சுற்றித் தேய்ந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவதிலும் பொருள் இல்லை. இன்ஜினின் கம்ப்ரஷனைத் தள்ளிக் கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் அளவுக்கு ரோட்டுக் காற்றுக்குப் பலம் கிடையாது.

அப்படியென்றால் எதற்குக் கியர் என்று கேட்பாய். அங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்திலிருந்து நீங்கள் நண்டு பிடிக்கப் போகும் மண்டூரா சுமார் 70 கிலோமீட்டர். வழி முழுக்க ப்ரொப்பெல்லர் காரணமில்லாமல் சுற்றிக்கொண்டே போகும். மோட்டாரை மேலே தூக்கி வைத்திருந்தால் ப்ரொப்பெல்லர் பக்கம் உயர்ந்து, உள்ளே இருக்கும் எண்ணெய் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிடும். பின் பேரிங்கும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் எண்ணெய் குறைந்த இடத்தில் உரசிக்கொண்டிருக்கும். ஒரு நாளில் எதுவும் கெடாது, ஆனால் கெடுவதற்கு ஒரு வாய்ப்பை ஏன் கொடுக்க வேண்டும்? மெர்க்குரி மோட்டார்களுக்கான கையேட்டில் டிரெய்லரில் இழுக்கும்போது முன் கியரில் போடச் சொல்லியே இருக்கிறது, ப்ரொப்பெல்லர் தானாகச் சுற்றாமல் இருப்பதற்காக. உங்களுடையது வேறு கம்பெனி என்றால் அதன் கையேடு சொல்வதுதான் முடிவு. என் பேச்சு அதற்கு அப்புறம்.

நீ கார் பழகியது ஏற்காடு ரோட்டில். இருபது கொண்டை ஊசி வளைவிலும் இறங்கும்போது ‘செகண்டுலயே வா, செகண்டுலயே வா’ என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் உயிரை வாங்கியது நினைவிருக்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் கியர் ஏதோ பெரிய பாரத்தைப் பிடித்து நிறுத்துகிறது என்று நினைத்துக்கொள்ளாதே. மலையில் கியர் முழு வண்டியையும் பிடிக்கிறது. இங்கே அது ஒரு ப்ரொப்பெல்லரை மட்டும் பிடிக்கிறது. படகை டிரெய்லரில் பிடிப்பது ஸ்ட்ராப்பும் வின்ச்சும் சங்கிலியும்.

சில மோட்டார்களில் முன் கியரில் இருந்தாலும் ப்ரொப்பெல்லரை ஒரு பக்கமாகக் கையால் திருப்பினால் டக் டக் என்று நழுவும். டாக் கிளட்ச்சின் பல் ஒரு பக்கம் சரிவாக இருப்பதால் அப்படி. பயப்பட வேண்டாம், அது கோளாறு இல்லை. ரிவர்ஸில் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஆனால் சின்ன மோட்டார்களில் ரிவர்ஸ் போட்டால் மோட்டார் மேலே எழும்பாதபடி ஒரு கொக்கி விழும். பின்னால் போகும்போது மோட்டார் தண்ணீரை விட்டு எழும்பப் பார்க்கும், அதைத் தடுக்க வைத்தது அது. ரிவர்ஸில் வைத்துக்கொண்டு மோட்டாரைத் தூக்க முடியவில்லை என்று மாப்பிள்ளை மல்லுக்கட்டப் போகிறார், முதலிலேயே சொல்லி வை.

இன்ஜின் ஓடாதபோது கியர் மாற்றுவது சில சமயம் முரண்டு பிடிக்கும். பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்கும். லீவரை இழுத்து உடைக்காதீர்கள். ஒருவர் ப்ரொப்பெல்லரை மெதுவாகத் திருப்ப, இன்னொருவர் லீவரைத் தள்ளினால் தானாக விழும். அதற்கு முன் சாவியை எடுத்துவிட வேண்டும், இழுத்தால் இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்ச் கயிற்றையும் கழற்றிவிட வேண்டும். ப்ரொப்பெல்லரில் கை வைக்கிற எந்த வேலைக்கும் இதுதான் சட்டம். ராணுவத்தில், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தபோது பெங்களூர் அல்சூர் ஏரியில் எங்களுக்கு அவுட்போர்டு மோட்டார் பழக்கிய உஸ்தாத், கயிறு அவர் கைக்கு வந்த பிறகுதான் எங்களைப் படகின் பின்பக்கமே விடுவார். ‘தம்பி, விரல் ஸ்டோரில் கிடைக்காது’ என்பார்.

உண்மையைச் சொன்னால், கியரா நியூட்ரலா என்பது சின்ன விஷயம். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட வேண்டிய விஷயம் வேறு. நீ அனுப்பிய போட்டோவில் மோட்டார் முழுக்கத் தூக்கி, அந்தச் சின்ன டில்ட் லீவரில் உட்கார்ந்திருக்கிறது. அந்த லீவர் கரையோரம் படகு நிற்கும்போது தாங்குவதற்கு மட்டும், ரோட்டுக்கு இல்லை. 15 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் 50 கிலோவை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு குழியிலும் அந்த எடை குதித்துப் படகின் பின்பலகையை நெம்பும். லீவர் நழுவினால் மோட்டார் தடாலென்று கீழே விழும். தரைக்கும் மோட்டாரின் கீழ் நுனிக்கும் போதுமான இடைவெளி இருந்தால், ஓடுகிற நிலையிலேயே நேராக இறக்கி வைத்து இழுங்கள். இடைவெளி போதவில்லை என்றால் அதற்கென்று விற்கிற தாங்கியை வாங்கி மாட்டுங்கள். அதற்கு ஆகிற காசை நான் வேண்டுமானாலும் தருகிறேன், மாப்பிள்ளை யோசிக்க வேண்டாம்.

படகைத் தண்ணீருக்குள் இறக்கும் சரிவான ராம்ப்பில் இறக்கியதும் லீவர் நியூட்ரலுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இப்போது வருகிற மோட்டார்கள் பெரும்பாலும் கியரில் ஸ்டார்ட் ஆகாது. பழைய மோட்டாரை அப்படி நம்ப முடியாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது என்றாயே. பிள்ளைகள் அந்த நேரத்தில் தண்ணீரில் நிற்கக் கூடாது.

அப்புறம் டிரெய்லர் வீல் பேரிங். ஓடிச் சூடான ஹப்பை, அதாவது பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதியை, நேராகத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அதுவும் உப்புத் தண்ணீர். போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் ஆறவிடுங்கள். வழியில் நிறுத்தும்போது ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பார், ஒன்று மட்டும் அதிகமாகக் கொதித்தால் அதற்கு மேல் ஓட்டாதே.

மோட்டாரின் கிளாம்ப் பக்கம் ஒரு தகடு ஒட்டியிருக்கும். அதில் மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும். வெளிச்சத்தில் தெளிவாகப் போட்டோ எடுத்து அனுப்பு. கையேட்டைத் தேடிப் பார்த்து, இரண்டு மூன்று பக்கத்தைக் குறித்து அனுப்புகிறேன். நண்டு பிடிக்கப் போகும் நாளை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லாதே, போய்விட்டு வந்து சொல்.

அன்புடன்,
அப்பா