ஞாயிறு வாசிப்பு: தடாப் முகாமின் இரண்டு சகோதரர்கள்

வாசிப்பு வட்டப் பெற்றோருக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நூலக மாடியில் 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்ட்' (2020) சித்திரக்கதையைப் பிள்ளைகளோடு படிக்கிறோம். ஆங்கிலப் புத்தகம்தான், படங்களைக் காட்டித் தமிழில் சொல்லிக்கொண்டே போவோம். 9 வயதுக்கு மேற்பட்டவர்களை அனுப்புங்கள்.

சோமாலியப் போரில் அப்பாவை இழந்து, அம்மாவைப் பிரிந்து, கென்யாவின் தடாப் முகாமில் வளர்ந்த ஓமர் முகமதின் சொந்தக் கதை இது. விக்டோரியா ஜேமிசன் அவரோடு சேர்ந்து எழுதி, படமும் வரைந்திருக்கிறார். பேச்சு வராத, வலிப்பு நோயுள்ள தம்பி ஹசனை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவதா என்று ஓமர் தவிக்கிறான். தண்ணீருக்கு வரிசை, ரேஷனுக்கு வரிசை. வேறு நாட்டில் குடியேற ஐ.நா. நேர்காணலுக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு. இத்தனைக்கும் நடுவில் பந்து விளையாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாம் உண்டு. வீட்டில் புரட்டிப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கங்களில் தயவுசெய்து நிதானமாக நில்லுங்கள். அகதிப் பிள்ளை என்றாலே அழுத முகம்தான் என்று நம் குழந்தைகள் நினைத்துவிடக் கூடாது.

முக்கியமான ஒன்று. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்தும் பிள்ளைகள் நம் வட்டத்துக்கு வருகிறார்கள். "உங்க வீட்டுக் கதையைச் சொல்லேன்" என்று அவர்களை யாரும் கேட்க வேண்டாம். தானாகச் சொன்னால் காதுகொடுத்துக் கேட்போம்.

படித்து முடித்ததும் தங்கள் ஒரு நாளை நான்கு கட்டங்களில் வரையச் சொல்லப் போகிறோம். கலர் பென்சில் கொடுத்தனுப்புங்கள், தாள் நாங்கள் தருகிறோம். வருபவர்களின் பெயரை வெள்ளிக்கிழமைக்குள் இங்கேயே பதிவிடுங்கள்.