வேரோ பீச்சிலிருந்து அக்காவுக்கு

வேரோ பீச், ஃப்ளோரிடா
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் நீ போட்ட கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. படகில் இருப்பவனுக்கு ஏது விலாசம்? அடுத்து நிற்கப்போகும் ஊரின் பெயரோடு ‘ஜெனரல் டெலிவரி’ என்று எழுதினால் அந்தத் தபால் நிலையத்தில் எடுத்து வைப்பார்கள். ஆனால் மூன்று மாதம் நான் எழுதாததற்குத் தபாலைக் குறை சொல்ல முடியாது. மன்னித்துக்கொள்.

“குளிர்காலத்தில் தண்ணீரில் என்ன வேலை” என்று அம்மா கேட்டாளாமே. குளிருக்குத் தப்பத்தான் இந்தப் பயணமே. வர்ஜீனியாவில் நார்ஃபோக் ‘மைல் 0’. அங்கிருந்து ஆறு, கால்வாய், காயல் என்று கரையை ஒட்டி உள்ளுக்குள்ளேயே மயாமி வரை ஏறத்தாழ 1,090 மைல் நீர்வழி. நான் இப்போது 952ஆவது மைலில் நிற்கிறேன். புயல் காலம் நவம்பர் 30 வரை என்பதால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பலர் சீக்கிரம் தெற்கே இறங்க விடுவதில்லை. அக்டோபர் கடைசியில் எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்புகிறது. அதே முகங்கள் பாலத்தடியிலும் நங்கூரம் போடும் இடத்திலும் மறுபடி மறுபடி எதிர்ப்படும். ஆளைக் கூப்பிடுவதும் படகின் பேரைச் சொல்லித்தான்.

வழியின் தொடக்கத்தில் வரும் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய் 1805இல் திறந்தது. மரங்களின் சாறு ஊறித் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். படகின் முகப்பில் பழுப்பு மீசை போலக் கறை பிடித்துவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போய்விடுகிறது. நீ குத்துவிளக்குக்குப் புளி போடுவாயே, அதே கணக்கு. அதைத் தாண்டி எலிசபெத் சிட்டி. 1983 முதல் அந்த ஊர்க்காரர்கள் வந்திறங்கும் படகுக்காரர்களுக்கு ரோஜா கொடுத்து வரவேற்கிறார்கள்.

அடுத்து ஆல்பமார்ல் சவுண்ட் என்ற அகன்ற காயல். ஆழம் குறைவு, அதனால் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அந்தக் குலுக்கலில் டீசல் டேங்கின் அடியில் கிடக்கும் கசடு கிளம்பி பில்டரை அடைத்துக்கொள்ளும்; இன்ஜின் தேவைப்படும் நேரத்தில்தான் நிற்கும். பில்டரை மாற்றியபின் காற்றை வெளியேற்றாமல் இன்ஜின் ஓடாது. காற்றை வெளியேற்றும் திருகான ப்ளீட் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையாக வரும். குமிழி நின்று வெறும் டீசல் வந்ததும், பம்பை விடாமலே ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். விட்டுவிட்டு இறுக்கினால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

ஜார்ஜியாவில் கடல் ஓதம் 7 முதல் 9 அடி ஏறி இறங்கும். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஏழு மடங்கு விட வேண்டும் என்பது கணக்கு. பலர் அதில் தவறுவது அங்கேதான். ஓதம் வற்றியிருக்கும்போது 8 அடி ஆழம் என்றால் அதை மட்டும் ஏழால் பெருக்கி 56 அடிக் கயிறு விட்டுவிடுகிறார்கள். ஏறும் 8 அடியையும் தண்ணீருக்கு மேல் முகப்பின் 4 அடி உயரத்தையும் சேர்த்தால் 20 ஆகிறது. 140 அடி விட வேண்டும். இல்லாவிட்டால் நடுராத்திரி ஓதம் ஏறும்போது கயிறு நிமிர்ந்து நங்கூரத்தைப் பிடுங்கிவிடும்.

இங்கே வேரோ பீச்சில் கூட்டம். ஒரே மிதவையில் இரண்டு மூன்று படகுகளை அணைத்துக் கட்டுகிறார்கள். நடுவே உரசாமல் தடுக்கும் மெத்தை போன்ற ஃபெண்டர், முன்னும் பின்னும் கயிறு. ஆடும்போது பாய்மரங்கள் மோதாமல் ஒன்றைச் சற்று முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். என் பக்கத்துப் படகில் ஒரு பெரியவர், தனி ஆள். எந்தப் படகின் பேரைச் சொன்னாலும் அதன் இன்ஜின் மாடல், பில்டர் நம்பர், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லருக்கு எத்தனை இதழ் என்பதுவரை சொல்வார். என் இம்பெல்லரில் இரண்டு இதழ் உடைந்திருந்தது. புதியதைத் தன் டப்பாவிலிருந்து கொடுத்துவிட்டு, உடைந்த துண்டுகள் அந்தத் தண்ணீர் ஓடி இன்ஜின் சூட்டை வாங்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் சிக்கியிருக்கும் என்று அரை மணி நேரம் குனிந்து தேடி இரண்டையும் எடுத்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

வியாழக்கிழமை தேங்ஸ்கிவிங், இங்கே நன்றி சொல்லும் பண்டிகை. படகுக்காரர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவார்கள். நான் எலுமிச்சைச் சாதம் செய்கிறேன். நேற்று ஒத்திகையாகக் கொஞ்சம் தாளித்தேன். கடுகு வெடித்து, பெருங்காய வாசனை அந்தச் சின்ன அறை முழுக்க நின்றது. “அம்மா, சோறு வடித்தாயா” என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன், அக்கா. அப்புறம் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பஹாமாஸ் போகிறவர்கள் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டத்தைத் தாண்டக் காத்திருக்கிறார்கள். அது வடக்கே ஓடுவதால், வடக்கிலிருந்து காற்றடித்தால் அலை சுவராக நிற்கும். காற்று திரும்பும்வரை யாரும் கிளம்பமாட்டார்கள். பெரியவரும் போகிறார். நான் இந்த வருஷம் இங்கேயே இருந்துவிடுகிறேன். மிதவைக்கு வாடகை உண்டு, அதனால் வெள்ளிக்கிழமை நங்கூரத்துக்கு மாறிவிடுவேன், அதற்குச் செலவில்லை. அரிசி பருப்பு இருக்கிறது, நீ கவலைப்படாதே. அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு என் பங்கைத் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுகிறேன். அதுவரை அத்தானைச் சமாளிக்கச் சொல். ஆபரேஷன் தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

நிலத்துக்கான பவர் பத்திரத்தை நோட்டரி முன் கையெழுத்திட்டு, வெளிநாட்டில் செல்லுபடியாகச் செய்யும் அப்போஸ்டில் சான்று வாங்கி அனுப்புகிறேன். கைக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். கவரைத் தூக்கிப் போட்டுவிடாதே, தேதி அதில்தான் இருக்கும். சர்வே நம்பரையும் அப்பா பெயர் பட்டாவில் இருக்கிற எழுத்துக்கூட்டலையும் அப்படியே எழுதி அனுப்பு. வேரோ பீச் ஜெனரல் டெலிவரிக்கே போடு.

அன்புடன்,
தம்பி