தெரு நலச் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராத உறுப்பினர்களுக்காக வந்திருக்கும் உறவினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 64 உறுப்பினர்களில் 17 பேர் வந்திருந்தீர்கள். அதில் மூன்று பேர் காப்பி ஆனதும் கிளம்பிவிட்டார்கள். அதனால் இந்த முறை காப்பியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அறிக்கையும் கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமான காரியங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி மிட்டாய் கொடுத்தோம். ஊருணிக் கரையில் கருவேல முள்ளை வெட்டினோம், மறுபடியும் முளைத்துவிட்டது. ரத்ததான முகாமில் 23 பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கும் பிஸ்கட் உண்டு என்று நான்தான் சொன்னேன். பொங்கல் வைத்தோம். தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கு இரண்டு நாள் சுக்குமல்லிக் காப்பி ஊற்றினோம். குன்றக்குடி தாண்டினால் சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று வழிநெடுக, முகம் தெரியாதவர்கள் தண்ணீரும் சோறும் கொடுக்கிற பாதை அது. அதில் நம் பங்கு இரண்டு அண்டா.

இனி, பொருளாளர் "இதர செலவு" என்று ஒரே வரியில் எழுதியிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அதைப் பற்றி வாட்ஸ்அப்பில் நிறையப் பேசிவிட்டீர்கள். நான் பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

நம் தெருவின் செட்டிநாட்டு வீடுகள் உங்களுக்குத் தெரியும். முகப்பு இந்தத் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். 31 வருஷம் இந்த ஊரில் தபால் கொண்டுபோனவன் நான். முன்வாசலில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, சைக்கிளில் சுற்றிப் போய்ப் பின்வாசலில் கையெழுத்து வாங்கிய வீடுகள் உண்டு. ஒரு கல்யாணத்துக்கு ஊரே உட்கார்ந்து சாப்பிடட்டும் என்று நடுமுற்றத்தைச் சுற்றி வளவும், அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டும் வைத்துக் கட்டினார்கள். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு என்று வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுக்கிறார்கள். அவ்வளவு பெரிய வீட்டுக்குள் இன்றைக்கு இருப்பது ஓர் ஆச்சி, ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அடுப்படியில் விழுந்தால் முகப்புக்கே சத்தம் வராது, தெருவுக்கு எப்படி வரும்?

ஐப்பசி கடைசியில் ஒரு நாள், ராத்திரியெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலை. ஏழு மணிக்குக் கீரைக்கார அம்மா வழக்கம்போல வந்திருக்கிறார். (பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். "எதுக்கு சார், அப்புறம் யாவாரத்துல சிரிப்பாக.") தனியாக இருக்கும் ஓர் ஆச்சி வீட்டு வாசலில் கோலம் இல்லை. மழையினால் இருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் கதவுக் கொண்டியில் மாட்டியிருந்த மஞ்சப்பையில் பால் பாக்கெட் அப்படியே கிடந்திருக்கிறது. "ஆச்சி, இருக்கீகளா?" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, கூடையை அங்கேயே இறக்கிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடியிருக்கிறார். பின்வாசலும் உள்பக்கம் தாழ். அப்புறம்தான் என் வீட்டுக்கு வந்தார்.

நான் சென்னையில் இருக்கும் ஆச்சி வீட்டாருக்குப் போன் போட்டேன். முன்கதவின் இன்னொரு சாவி அவர்களிடம் இருக்கிறது. சென்னையில் இருக்கிற சாவியால் இங்கே என்ன திறக்கும்? பக்கத்து வீட்டில் மராமத்து வேலைக்கு வந்திருந்த கொத்தனார் ஒருவர், நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஏணியைக் கொண்டுவந்து பின்சுவரில் சாத்திவிட்டார். ஏறும் முன் ஒன்று கேட்டார்: "போலீஸ் கேஸு கீஸு ஆயிறாதுல்ல?" நியாயமான கேள்வி. சாலை விபத்தில் உதவுகிறவரை அலைக்கழிக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 134ஏ என்று தனிப் பிரிவே சேர்த்தார்கள். ஆனால் அது சாலைக்கு. சுவர் ஏறிக் குதித்த இவருக்கு அன்றைக்குத் துணை, கீழே நாலு பேர் சாட்சியாக நின்றதுதான். கிணற்றடிப் பக்கம் குதித்துப் பின்கதவைத் திறந்துவிட்டார்.

ஆச்சி அடுப்படிக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில் கிடந்தார்கள். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவர்கள். நினைவு இருந்தது. நாங்கள் இரண்டு பேர் தூக்கப் போனோம். "தூக்காதீக!" என்று கீரைக்கார அம்மா போட்ட சத்தத்தில் நான் கையை எடுத்துவிட்டேன். அவர் காட்டிய பிறகுதான் பார்த்தேன்: ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. இடுப்பு ஒடிந்தால் அப்படித்தான் கிடக்கும் என்பது, அவர் மாமியார் விழுந்தபோது தெரிந்துகொண்டதாம். கீரைச் சாக்கை மடித்து ஆச்சியின் தலைக்குக் கொடுத்தார். விலகியிருந்த சேலையைச் சரிசெய்தார். "என்னாத்தா, உன் யாவாரம் போச்சே" என்று ஆச்சி சொன்னதற்கு, "நீங்க பேசாம படுங்க" என்று அதட்டினார். 108 வந்ததும் காரைக்குடிக்கு வண்டியில் கூடவே போனதும் அவர்தான். நான் பின்னால் ஸ்கூட்டரில் போனேன்.

மருத்துவமனையில் டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. விழுந்ததைவிட, விழுந்து கிடந்த நேரம்தான் கெடுதலாம். மணிக்கணக்கில் ஒரே பக்கமாக அசையாமல் கிடந்தால் தசை நைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமாம். மூன்றரை மணி நேரத்தில் பார்த்தது நல்லதாகப் போயிற்று என்றார். இன்றைக்கு ஆச்சி வாக்கர் பிடித்து முகப்பு வரை வருகிறார்கள்.

அன்று சாயங்காலம் வாசலில் இருந்த கூடையைப் பார்த்தேன். அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி எல்லாம் வெயிலில் சுருண்டு கிடந்தன. மறுநாள் அவரிடம் 500 ரூபாய் கொடுத்தேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணி, 80 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். "கீரைக் காசு நானூத்தி இருவது. அது போதும்." இந்த 420 ரூபாய்க்குப் பொருளாளர் ரசீது கேட்டார். கேட்பது அவர் கடமை. கீரைக்கு ரசீது எந்தக் கடையில் வாங்குவது என்று அவரும் சொல்லவில்லை. நம் கணக்கில் ரசீது இல்லாத செலவு என்று இருப்பது இது ஒன்றுதான்.

இதன் பிறகுதான் "வாசல் விசாரிப்பு" தொடங்கினோம். தெருவில் தனியாக இருக்கும் பெரியவர்கள் 11 வீடு. காலை ஏழரைக்குள் ஒருவர் போய் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அவ்வளவுதான் திட்டம். 14 உறுப்பினர்கள் பெயர் கொடுத்தீர்கள். கார்த்திகை முடிவதற்குள் ஐந்து பேர் ஆனோம். மார்கழிப் பனிக்கு மூன்று பேர். தை பிறந்தபோது நானும் இன்னொருவரும். அந்த இன்னொருவருக்கும் மாசியில் பேரன் பிறந்து திருப்பூர் போய்விட்டார். குறையாகச் சொல்லவில்லை, பேரனைப் பார்க்காமல் இருக்க முடியுமா?

ஆனால் ஒரு நாள்கூட விசாரிப்பு நிற்கவில்லை. காரணம் நம் உறுப்பினர்கள் இல்லை. பால் போடும் தம்பி, பேப்பர் போடும் பையன், கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவர், அப்புறம் கீரைக்கார அம்மா. பால் எடுக்காமல் கிடந்தால், கோலம் இல்லையென்றால், என் போன் அடிக்கும். ஏழு மாதத்தில் 19 முறை அடித்தது. அதில் 16 முறை ஆச்சி தூங்கிவிட்டார்கள், அல்லது மகள் வீட்டுக்குச் சொல்லாமல் போய்விட்டார்கள். இரண்டு முறை காய்ச்சல். ஒரு முறை சர்க்கரை இறங்கி மயக்கம். அந்த ஒன்றுக்காக மற்றப் பதினெட்டையும் ஓடலாம் என்பது என் கருத்து. இந்த நால்வரில் யாரும் நம் தெருவில் குடியிருக்கவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐயா ஒருவர் மட்டும் முதலில் கோபித்துக்கொண்டார். "செத்துட்டேனான்னு பாக்க வர்றியா?" என்றார். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் பேப்பர் இரவல் வாங்கப் போகிறேன். அதே பேப்பர் என் வீட்டுக்கும் வருகிறது. அவருக்கும் அது தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

அழைப்பு மணி விஷயம். ஒயர் இல்லாத காலிங் பெல் ஒன்பது, செயற்குழு கூடுவதற்கு முன்பே நான் வாங்கியது உண்மை. மழைக்காலம் செயற்குழுவுக்காகக் காத்திருக்காது. நூறு மீட்டருக்குக் கேட்கும் என்று கடைக்காரர் சொன்னார். அவர் நம் வீட்டுச் சுவரைப் பார்த்ததில்லை. இரண்டாங்கட்டில் அழுத்தினால் முகப்பில் ஐந்து வீட்டில் அடித்தது, நாலு வீட்டில் அடிக்கவில்லை. அந்த நாலையும் கடையில் திருப்பி எடுக்கவில்லை, என் வீட்டில் இருக்கின்றன. ஓர் ஆச்சி சொன்னார்கள்: "தாம்பாளத்தைத் தட்டுனா மூணு தெருவுக்குக் கேக்கும், இதுக்கு எதுக்குப்பா காசு?" அந்த வீட்டில் இப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும்தான்.

அடுத்து, சாவி. ஐந்து வீட்டார் இன்னொரு சாவியை உள்ளூரில் கொடுத்துவைக்கச் சம்மதித்தார்கள். மூன்று ஆச்சிமார், சாவி கீரைக்கார அம்மாவிடமே இருக்கட்டும் என்றார்கள். அதற்கு வாட்ஸ்அப்பில் எழுந்த கேள்வியை இங்கே திரும்பப் படிக்க மாட்டேன், எழுதியவர் பின்வரிசையில்தான் இருக்கிறார். நான் சொல்வது இவ்வளவுதான்: 80 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

இன்னொருவரைப் பற்றியும் பெயர் சொல்லாமல் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார். மூன்று வருஷச் சந்தா, 900 ரூபாய், பாக்கி. அவர் தாயார் நம் பதினொன்றில் ஒருவர். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரும்: "அண்ணே, அம்மா போன் எடுக்கலை, ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்." போகிறேன். டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள். திரும்பி வந்து "நல்லா இருக்காங்க தம்பி" என்று சொன்னதும் அவர் குரல் உடைவது எனக்குக் கேட்கிறது. அந்த நேரத்தில் சந்தாவைப் பற்றி எப்படிக் கேட்பது? அதனால் இங்கே கேட்கிறேன்.

மேடை கிடைத்தால் நாம் எல்லோரும் வள்ளல் அழகப்பரைப் பேசுகிறோம். மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்று 300 ஏக்கரும் 15 லட்சமும் எடுத்துக் கொடுத்தவர், பெண்கள் கல்லூரிக்குத் தான் குடியிருந்த வீட்டையே விட்டவர். போன ஆண்டு இந்த மேடையிலேயே அவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர், பிறகு விசாரிப்புக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது காலையில் வாக்கிங் போகிறேன் என்றார். அதே தெருவில்தான் நடக்கிறார்.

வரவு செலவு: சந்தா, நன்கொடை, வங்கி வட்டி எல்லாம் சேர்த்து வரவு பரவாயில்லை. செலவு அதைவிடச் சற்றுக் குறைவு. கையிருப்பு கொஞ்சம் கையிலும் மீதி வங்கியிலும் இருக்கிறது. விவரம் பொருளாளரின் நோட்டில் இருக்கிறது, நோட்டு அவர் வீட்டில் இருக்கிறது. 64 பேரில் 38 பேர் சந்தா கட்டியிருக்கிறீர்கள்.

நாற்காலி தந்த பந்தல்காரர், இடம் தந்த கோயில் நிர்வாகத்தினர், மைக் செட்காரர், தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் மன்னிக்கவும்.

வரும் ஆண்டைப் பற்றி. எனக்கு வலது முழங்கால் சரியில்லை. மூன்று வருஷம் செயலாளராக இருந்தாயிற்று, வேறு யாரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒதுங்கிக்கொள்வேன். இப்படித்தான் போன ஆண்டும் சொன்னேன், எல்லோரும் கைதட்டினீர்கள். பால்காரத் தம்பியையும் கீரைக்கார அம்மாவையும் மற்ற இருவரையும் சந்தா இல்லாத உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன். விதியில் இடமில்லை என்று சொல்லப்போகிறவர்கள், சந்தா கட்டாதவர் உறுப்பினராகத் தொடர விதியில் எங்கே இடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் இல்லை. பெரிய எழுத்தில் அச்சடித்துப் பதினோரு வீட்டிலும் ஒட்டலாம் என்று இருக்கிறேன், செயற்குழு அனுமதித்தால்.

ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. என்னிடம் இருக்கும் இரண்டு சாவிகளும் என் வீட்டு விளக்கு மாடத்தில் இருக்கின்றன. நான் வெளியூர் போனால் அதை வாங்கிக்கொள்ள ஒருவர் வேண்டும். வாசல் மேசையில் பெயர் எழுதும் நோட்டு வைத்திருக்கிறேன், பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். சந்தா நோட்டும் அதே மேசையில்தான். காப்பி அதைத் தாண்டி வைக்கப்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்