ஹம் நிற்க எர்த்தைக் கழற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வால்வு ப்ரீஆம்ப்பை (பவர் ஆம்ப்புக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் பெட்டி) வீட்டிலேயே கட்டுவது பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹம், அதாவது ஸ்பீக்கரில் விடாமல் வரும் ரீங்காரம், வந்தால் டிசியைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டரை மாற்றுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அடுத்த இதழில் ஒரு வாசகர் பிளக்கில் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சத்தம் போய்விடும் என்கிறார், அதையும் அப்படியே போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயரிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ புகுவது அதே 50. ஏசியை டிசியாக்கும் ஃபுல்வேவ் ரெக்டிஃபயர் தாண்டியும் வடியாமல் மிஞ்சுவது 100, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே, கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். அடியில் 'ம்ம்ம்' என்று இழுப்பதற்குப் போய் கெப்பாசிட்டர் மாற்றினால் காசுதான் கரி.

அப்புறம் வால்யூமைத் திருப்பிப் பாருங்கள். ஹம்மும் சேர்ந்து ஏறினால் கோளாறு அதற்கு முன்னால், அசையாமல் நின்றால் பின்னால். 12ஏஎக்ஸ்7 வால்வில் ஹீட்டருக்கு 4, 5 இரண்டு பின்னும் சேர்ந்து ஒரு முனை, 9 மறுமுனை, 6.3 வோல்ட். அந்த இரண்டு ஒயரையும் இறுக்கி முறுக்கி, சேஸிஸ் (உலோக அடிப்பெட்டி) மூலையோடு ஒட்டி, சிக்னல் நுழையும் கிரிட் ஒயர் பக்கமே போகாமல் கொண்டுபோக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரின் ஹீட்டர் சுருளில் சென்டர் டேப் (நடு முனை) இல்லையா, முனைக்கு ஒன்றாக 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு நடுவை கிரவுண்டில் சேருங்கள். ஒரு முனையை மட்டும் சேஸிஸில் பற்றவைத்து விட்டுவிட்ட பெட்டிகளை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன்.

சரி, எர்த். காரைக்குடி, தேவகோட்டை பக்கத்துப் பழைய வீடுகளில் பல இடங்களில் டூபின் காலத்து வயரிங்தான். பின்னாளில் த்ரீபின் சாக்கெட் மாட்டியிருப்பார்கள், மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. வால்யூம் நாபைத் தொட்டதும் ஹம் குறைந்து, கையை எடுத்ததும் கூடுகிறதென்றால் முதல் சந்தேகம் அங்கேதான். எலக்ட்ரீஷியனை விட்டு லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எர்த் குழி இருக்கிற வீடுகளிலும் கோடையில் மண் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்ற யாருக்கும் ஞாபகம் வராது.

ப்ரீஆம்ப், பவர் ஆம்ப் இரண்டுக்கும் எர்த் இருந்து, கேபிளின் ஷீல்டும் அவற்றைச் சேர்த்து ஒரு வளையமானால் ஹம் வரும், அந்த வாசகர் சொல்வதும் இதைத்தான். அதற்கு இரண்டையும் ஒரே போர்டில் சொருகுங்கள். போகவில்லையென்றால் சேஸிஸ் எர்த்திலேயே இருக்கட்டும், சிக்னல் கிரவுண்டை மட்டும் ஒரே இடத்தில் 10 ஓம் வழியாகச் சேஸிஸோடு இணையுங்கள். எர்த்தைக் கழற்றிய பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் சேஸிஸ் முழுக்க 230 வோல்ட், ஃப்யூஸ்கூடப் போகாது. உள்ளே 250, 300 வோல்ட் டிசி வேறு, ஸ்விட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நிற்கும்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள், கொட்டை எழுத்தில்.

ஒரு வாசகர்,
காரைக்குடி