படத்தின் கீழே நேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் தனுஷ்கோடிக் கட்டுரையோடு வெளியான கடற்கரைப் படத்தைப் பார்த்தேன். அதைக் குறித்து வாசகர் ஒருவர் புதன்கிழமை எழுதியிருந்த கடிதத்தையும் படித்தேன். பனிமூட்டம்போல வெளுத்துப் படர்ந்திருந்த அந்தக் கடல் கணினியில் செய்த போலி என்பது அவருடைய முடிவு. 14 ஆண்டுகளாக இராமேசுவரம் தீவின் கரைகளில் இவ்வகைப் படங்களை எடுத்து வருபவன் என்ற முறையில், அது போலி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் படத்தைத் தாங்கள் வெளியிட்ட விதத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு.

லாங் எக்ஸ்போஷர் என்று நாங்கள் சொல்லும் இம்முறையில் காமிராவுக்குள் வெளிச்சத்தை விடும் ஷட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் மூடிவிடாமல் அரை நிமிடம், 2 நிமிடம், சில வேளைகளில் 5 நிமிடம்கூடத் திறந்தே இருக்கும். அவ்வளவு நேரம் வெளிச்சம் உள்ளே போனால் படம் வெள்ளைக் காகிதமாகிவிடும் என்பதால், லென்ஸின் முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியைப் பொருத்துகிறோம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; 10 ஸ்டாப் ஃபில்டர் வெளிச்சத்தை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஒரு விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரமே போதும் என்கிற விடியற்கால வெளிச்சத்தில் இந்தக் கண்ணாடியைப் போட்டால், 2 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் பதினைந்து இருபது அலைகளாவது வந்து உடைந்து திரும்பியிருக்கும். ஒவ்வோர் அலையின் நுரையும் ஒவ்வோர் இடத்தில் தன் வெளுப்பைப் பதித்துவிட்டுப் போக, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து புகையாகிவிடுகிறது. அசையாத பாறையும் இடிந்த சுவரும் மட்டும் கூர்மையாக நிற்கின்றன. சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் நம் கண்ணுக்கு ஒரே வட்டமாகத் தெரிவதை யாரும் போலி என்று சொல்வதில்லை அல்லவா?

அலையிலிருந்து தெறித்த துளி அந்தரத்தில் மணியாக நிற்கும் படங்களையும் தங்கள் நாளிதழ் வெளியிடுகிறது. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்த அந்தத் துளியையும் மனிதக் கண் அப்படிப் பார்த்ததில்லை. அதற்கு எழாத ஐயம் இதற்கு மட்டும் எழுவது நியாயமில்லை. கடற்படங்களில் ஒட்டுவேலையே நடந்ததில்லை என்று நான் வாதாடவில்லை. படம் பதிய வானுக்கும் நீருக்கும் ஒரே அளவு நேரம் பொருந்தாத காரணத்தால், 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே என்ற கலைஞர் இரண்டையும் தனித்தனி நெகட்டிவில் எடுத்துச் சேர்த்து அச்சிட்டார். ஆனால் லாங் எக்ஸ்போஷருக்கு அப்படி எதுவும் தேவையில்லை. ஒரே இடம், ஒரே சட்டகம், ஒரே திறப்பு. நீண்டது நேரம் மட்டுமே.

என் குறை அந்த நேரத்தைப் பற்றியதுதான். ஒரு மாசி மாதக் காலையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். தனுஷ்கோடியில் மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கரையில் முக்காலியை ஊன்றியிருந்தேன். திரும்பும் அலை காலடி மணலை அரித்துக்கொண்டு போகும். ஷட்டர் திறந்திருக்கையில் முக்காலி மயிரிழை இறங்கினாலும் படம் கெட்டுவிடும் என்பதால் கால்களை ஈர மணலில் ஆழமாக அழுத்திவிட்டு, உப்புத் தெறித்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தொடங்கினேன். எதிரே இருபது பேருக்குமேல் வரிசையாக நின்று கரைவலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் எதிர்க்குரல் கொடுத்தபடி ஓரடி ஓரடியாகப் பின்வாங்கினார்கள். 2 நிமிடம் படம் பதிந்தது. நீண்ட திறப்பில் படத்தில் விழும் புள்ளிகளை நீக்க இன்னொரு 2 நிமிடத்தைக் காமிரா எடுத்துக்கொண்டது. திரையில் படம் வந்தபோது அவர்களில் ஒருவரும் இல்லை. மணல்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், கயிறு இருந்ததற்கு அடையாளமாக ஒரு கோடு, அவ்வளவுதான். கரைக்கு வந்த கயிற்றை வட்டமாகச் சுற்றி அடுக்கியபடி பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும் பதிந்திருந்தார். அவருடைய முதுகும் தலைக்கட்டும் தெரிந்தன; கைகள் இருந்த இடத்தில் வெறும் புகை.

வலை கரையேறிய பிறகு அவரிடம் படத்தைக் காட்டினேன். "எங்க ஆளுகளையெல்லாம் எங்கே தம்பி விட்டீங்க?" என்று கேட்டார். காமிரா காத்திருந்த கதையை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, இதைப் பார்க்கிறவங்களுக்கு இதை யாரு சொல்லுவா?" என்றார்.

ஒளிப்படக்கலை தொடங்கிய நாளிலேயே இது நடந்திருக்கிறது. 1838இல் ஒளிப்பட முன்னோடியான டாகேர் பாரிசில் ஒரு பெருந்தெருவை மாடியிலிருந்து படமெடுத்தார். பகல் நேரம், வண்டிகளும் மனிதர்களும் ஓயாத தெரு. அக்காலத்து ஒளிப்படத் தகட்டில் படம் பதியப் பல நிமிடங்கள் ஆனதால், போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும் மறைந்தார்கள். காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவரின் உருவம் மட்டும் தெளிவாகத் தங்கியது. தெருவின் பெயரைத் தெரிந்தவர்கள் அது வெறிச்சோடிய தெரு அல்ல என்பதை அறிவார்கள். தெரியாத ஒருவர் அப்படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்?

தனுஷ்கோடிக்கு நேர்வது இதுவே. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவுப் புயலில் ஊர் அழிந்தது உண்மை. ஆனால் அந்த மண்ணில் மீனவக் குடும்பங்கள் இன்றும் குடிசை போட்டு வாழ்கிறார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுக்கிறார்கள். தங்கள் படத்தின் கீழே "மனித நடமாட்டமற்ற கரை" என்று அச்சிட்டிருந்தது. அதை எழுதியவர் படத்தை நம்பி எழுதியிருப்பார் என்பது எனக்குப் புரிகிறது. அலைக்கோட்டை ஒட்டி இடப்பக்கம் ஒரு சாம்பல் தீற்று இருக்கிறதே, அதைத் தயவுசெய்து மறுபடியும் உற்றுப் பாருங்கள். ஓரிடத்தில் நில்லாமல் வேலை செய்தவர்களின் தடம் அது என்று இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் என்னால் சொல்ல முடியும். பேய் நகரம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கிவிட்ட ஊரில், உழைத்துக்கொண்டிருந்தவர்களை நம் காமிராக்களும் சேர்ந்து அழித்துக் காட்டுவது எனக்குப் பெரிய வருத்தத்தைத் தருகிறது.

மனிதர்கள் மறைவதைப் போலவே அலையும் மறைகிறது. இராமேசுவரத்தார் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவத்தில் ஆண்கடல் சீறும். வாடை வந்துவிட்டால் பெண்கடலும் சும்மா இராது. இரண்டும் சேரும் அரிச்சல்முனையில் நீரோட்டம் எந்த மாதத்திலும் நம்பத் தக்கதல்ல. அங்கே ஆளை இழுத்துக்கொண்டு போகக்கூடிய அலை அடிக்கும்போது எடுத்தாலும், 2 நிமிடப் படத்தில் கடல் பால் வைத்த தட்டாகத்தான் தெரியும். சுற்றுலாப் பக்கத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வருபவர், நீரில் இறங்கத் தயங்க மாட்டார். என் படத்தை நம்பி அப்படி இடுப்பளவு நீரில் இறங்கிய ஒரு குடும்பத்தைக் கரையிலிருந்தவர்கள் சத்தம் போட்டு மேலே அழைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இவ்வகைப் படங்களை வெளியிட வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. இரவெல்லாம் ஷட்டரைத் திறந்துவைத்துப் படமெடுத்த மைக்கேல் கென்னா போன்றவர்கள் காட்டிய கடல் வேறு எந்த வகையிலும் காணக் கிடைக்காதது. நானும் இத்தனை ஆண்டுகளை இதற்கே கொடுத்திருக்கிறேன். நான் கேட்பது ஒரே ஒரு வரி. அந்தப் பெரியவர் கேட்ட நாளிலிருந்து என் படங்கள் எல்லாவற்றின் கீழும் இடத்தோடு நேரத்தையும் எழுதி வருகிறேன். தங்கள் நாளிதழும் லாங் எக்ஸ்போஷர் படங்களின் கீழே, "அரிச்சல்முனை, விடியற்காலை, ஷட்டர் திறந்திருந்த நேரம் 128 விநாடி" என்பதுபோல ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டும். ஞாயிறு வெளியான படத்துக்கும், எடுத்தவரிடம் கேட்டு அந்த நேரத்தை வெளியிட்டு, "மனித நடமாட்டமற்ற" என்ற சொல்லைத் திருத்த வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
இராமநாதபுரம்.