முதல் கச்சேரிக்கு எங்கே நிற்பது?

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. தேன்மொழிக்கு அதற்குள் பன்னிரண்டு வயதாகிவிட்டதா! அவளை முதல்முறையாக நேரடி இசை நிகழ்ச்சிக்கு அழைத்துப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. நீ இரண்டு விஷயம் கேட்டிருக்கிறாய். உன் முதல் கச்சேரியில் என்ன பாடினார்கள் என்பதே மறந்துபோய், டிரம் அடித்தபோது நெஞ்சு அதிர்ந்தது மட்டும் ஏன் இத்தனை வருஷம் கழித்தும் நிற்கிறது என்பது ஒன்று. அவளை எங்கே நிறுத்துவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதிலிலேயே இரண்டாவதுக்கும் பதில் இருக்கிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

நெஞ்சு அதிர்ந்தது உன் கற்பனை இல்லை. காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம், அதாவது கிக் டிரம், அதன் அடிநாதம் பெரும்பாலும் 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் குறையக் குறைய ஒலி தாழும். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். இந்த அளவு தாழ்ந்த ஒலி போதிய வலுவோடு வந்தால் காதோடு நெஞ்சுக்கூடும் வயிறும் சேர்ந்தே அதிரும். உள்காதில் உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பும் உரத்த தாழ்ந்த ஒலிக்கு அசைந்து கொடுக்கும். போன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிட்டத்தட்ட ஊமை. வீட்டுப் பெட்டிகளிலும் மிகத் தாழ்ந்த ஒலி மெலிந்துதான் வரும். ஆகவே முதல் கச்சேரிதான் உடம்பு முழுசாக இசையைச் சந்திக்கும் முதல் சந்தர்ப்பம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. ஒரு மின்னணு இசைக் கச்சேரி நடக்கும்போதே 8 முதல் 37 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தனி ஸ்பீக்கர்களில் சில நிமிடத்துக்கு ஒருமுறை போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். போட்ட நேரங்களில் கூட்டத்தின் ஆட்டம் சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. அந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க ஆட்களால் முடியவில்லை. காதுக்குத் தெரியாமலேயே உடம்பு பதில் சொல்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அதோடு, மனம் கிளர்ந்திருக்கும் நேரத்தில் நடப்பது ஆழமாகப் பதியும். பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் அதிகம் நினைவுக்கு வரும். இரண்டும் சேர்ந்த இடத்தில் நீ அன்றைக்கு நின்றிருந்தாய்.

ஆனால் பாட்டு மறந்துபோனதற்கு நினைவைக் குறை சொல்லாதே. மேடையை ஒட்டி, இடது ஓரம், பெரிய கறுப்புப் பெட்டிகளுக்கு முன்னால் நின்றதாக எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் நீ பாட்டை மறக்கவில்லை, சரியாகக் கேட்கவே இல்லை என்பதுதான் என் எண்ணம். தரையில் அடுக்கியிருந்தவை சப்ஊஃபர்கள். அவற்றில் வருவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மட்டும்தான். குரலும் கிதாரும் கீபோர்டும் வருவது மேலே தொங்கும் பெட்டிகளிலிருந்து. லைன் அரே என்று சொல்கிறோமே, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துச் சற்றே வளைத்துத் தொங்கவிடும் அந்த வரிசை, அதில் மேலே இருக்கும் பெட்டிகள் தூரத்துக் கூட்டத்தைக் குறிவைக்கும், அடியில் இருப்பவை பக்கத்துக் கூட்டத்தைப் பார்த்துக் குனிந்திருக்கும். அப்படியும் மேடையை ஒட்டிய முதல் சில வரிசைகள் அடிப்பெட்டியின் வீச்சுக்கும் கீழே போய்விடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் மேடை விளிம்பில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வைப்பார்கள். அவை இல்லாவிட்டாலோ, முன்னால் நிற்பவர்களின் உடம்பு அவற்றை மறைத்துவிட்டாலோ, மேடையிலிருந்து நேராக வரும் டிரம் சத்தமும் கிதார் ஆம்ப்ளிஃபையர் சத்தமும்தான் உனக்கு மிஞ்சும். குரல் எங்கேயோ போர்வைக்குள் இருப்பதுபோல இருக்கும்.

சரி, எங்கே நிற்பது? எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துக் கலக்கும் பலகை, அதாவது மிக்ஸர், இருக்கும் இடத்தைத் தேடு. அரங்கத்தின் நடுக்கோட்டில் அல்லது அதை ஒட்டி, மேடையிலிருந்து பொதுவாக இருபது முப்பது மீட்டர் தள்ளி, தடுப்பு போட்டுச் சின்ன மேடையில் வைத்திருப்பார்கள். அரங்கம் பெரிதானால் இன்னும் தள்ளி இருக்கும். சவுண்ட் இன்ஜினியர் எதைக் கேட்டு ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் கூட்டிக் குறைக்கிறாரோ அதே கலவை உனக்குக் கிடைக்க வேண்டுமானால் அவர் காது இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உன் காதும் இருக்க வேண்டும். அந்தத் தடுப்புக்கு முன்னால் நாலைந்து மீட்டரில் நின்றால் நல்லது. தடுப்பை ஒட்டிப் பின்னால் நின்றால் உயரமானவர்கள் இடித்துக்கொண்டு வந்து நிற்கும் தொல்லையும் குறைவு, ஆனால் மிக்ஸர் மேடையும் அதன் கூரையும் தேன்மொழிக்கு மறைக்கும். அவள் உயரத்துக்கு முன்பக்கம்தான் சரி.

உயரம் என்றதும் முக்கியமான ஒன்று. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், 20 டிகிரி வெப்பத்தில். அந்தக் கணக்கில் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 5.7 மீட்டர். மனிதர்கள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடும். 5,000 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 7 சென்டிமீட்டர்தான். ஒரு முதுகு போதும் அதைத் தடுக்க. பாட்டில் ச, ஸ, த, ட போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலிதான். பெரியவர்கள் நடுவில் மாட்டிக்கொள்ளும் குழந்தைக்குத் தாளம் கேட்கும், வார்த்தை கேட்காது. தொங்கும் பெட்டிகள் அவள் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று அவள் உயரத்துக்குக் குனிந்து பார். கண்ணுக்குத் தெரிந்தால் காதுக்கும் வரும். உட்காரும் நாற்காலி கிடைக்கிற அரங்கமென்றால் சரிந்து ஏறும் வரிசைகளில் இடம் வாங்குவது அவளுக்கு நல்லது.

பேஸ் விஷயத்தில் இடம் இன்னும் விசித்திரமாக வேலை செய்யும். இடம் வலம் இரண்டு பக்கமும் சப்ஊஃபர் வைத்தால், நடுக்கோட்டில் இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பெருகும். நடுவிலிருந்து பக்கவாட்டில் நகர நகர ஒரு பக்கத்து ஒலி தாமதமாகும். தூர வித்தியாசம் 2.85 மீட்டரைத் தொட்டதும், அதாவது 60 ஹெர்ட்ஸ் அலையின் பாதி நீளம், அந்தச் சுருதியில் இரண்டு பக்கத்து ஒலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு இடத்தில் வயிறு குலுங்கும், சில அடி தள்ளிப் போனால் கிக் டிரம் காணாமல் போகும். இன்ஜினியர் தூங்குகிறார் என்று கூட்டத்தில் யாராவது திட்டினால், அவர்கள் நாலு எட்டு நகர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளரங்கமானால் பின்சுவரை ஒட்டி நிற்காதே, அங்கே பேஸ் குவிந்து மற்றதை மூடிவிடும். பால்கனிக்கு அடியிலும் வேண்டாம், மேலே தொங்கும் பெட்டிகளின் நேர் ஒலி அங்கே வராது.

திறந்தவெளியில் ரொம்பப் பின்னால் இடம் கிடைத்தால் கவலைப்படாதே. நடுவில் தூண்போல இன்னொரு ஸ்பீக்கர் கோபுரம் நிற்கும், டிலே டவர் என்பார்கள். மேடையிலிருந்து அது 50 மீட்டரில் இருந்தால் மேடை ஒலி அங்கே வந்துசேர 0.146 நொடி பிடிக்கும். அதே அளவு தாமதப்படுத்திக் கோபுரத்தில் ஒலியை விட்டால்தான் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். இந்தக் கணக்கு தப்பினால் ஒவ்வொரு டிரம் அடியும் இரண்டிரண்டாக விழும். வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகமும் குறையும், டிகிரிக்கு நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர். மாலையில் சரியாக வைத்தது இரவில் லேசாக நழுவும். காற்று வீசினால் சிம்பலின் ஒலி வந்து வந்து போகும். அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் இரண்டு பாட்டு சரியாக இல்லையென்றால் அவசரப்பட்டு இடம் மாறாதே. கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடந்தது காலி அரங்கத்தில். மனித உடம்பும் துணியும் ஒலியை, அதிலும் உயர்ந்த ஒலியை, நன்றாக உறிஞ்சும். இதை முதலில் அளந்து சொன்னவர் ஹார்வர்டில் இருந்த வாலஸ் சபீன். ஒரு விரிவுரை அரங்கில் ஒரு சொல்லின் எதிரொலி ஐந்து நொடிக்கும் மேலாக அடங்காமல் இருந்ததை, இருக்கை மெத்தைகளைச் சுமந்து கொண்டுபோய் வைத்து வைத்து அளந்தார். அவர் கணக்கை வைத்துக் கட்டிய பாஸ்டன் சிம்ஃபனி ஹால் 1900இல் திறந்தது. கூட்டம் நிறைந்த பிறகு கலவையை மறுபடி சரிசெய்ய இன்ஜினியருக்கு ஒன்றிரண்டு பாட்டு தேவைப்படும். முதலில் பாடும் துணைக்குழுவுக்குச் சவுண்ட் செக் நேரமே குறைவாகத்தான் கிடைக்கும். அவர்கள் சுமாராகக் கேட்டால் அவர்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக் கேள்.

நடுவில் 'கீ...' என்று ஒரு கூச்சல் வந்தால் தேன்மொழி பயந்துவிடாமல் முன்பே சொல்லிவை. மைக்கில் நுழைந்த ஒலி ஸ்பீக்கரில் வந்து திரும்ப மைக்குக்குள்ளேயே போய்ச் சுழல்வதுதான் ஃபீட்பேக். பாடுபவர் மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இது சட்டென்று வரும். பின்பக்க ஒலியைத் தள்ளுவதற்காக மைக் தலையில் விட்டிருக்கும் துவாரங்கள் அடைபட்டு, அது எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும்.

இனி காது. இதில் மட்டும் நான் சொல்வதை அப்படியே செய். டெசிபெல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு. 85 டெசிபெல்லில் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதி, இதுதான் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பெரியவர்களின் வேலையிடத்துக்கு வைத்திருக்கும் வரம்பு. 94க்கு ஒரு மணி, 100க்கு வெறும் 15 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்கு வகுத்த மேல்வரம்பு, 15 நிமிஷச் சராசரியில் 100 டெசிபெல். அந்த வரம்பைப் பிசகாமல் கடைப்பிடிக்கும் கச்சேரியிலும் இரண்டு மணி நேரம் வெறும் காதோடு நிற்பது அதிகம் என்பது உனக்கே விளங்கும். காதில் செருகும் இயர்ப்ளக் போட்டு 15 டெசிபெல் குறைத்தால் 100 என்பது 85 ஆகிவிடும், மாலை முழுவதும் நிற்கலாம்.

பஞ்சு நுரை இயர்ப்ளக் மலிவு, பாதுகாப்பும் அதிகம். ஆனால் உயர்ந்த ஒலியைத்தான் கூடுதலாகத் தின்னும், பாட்டு மந்தமாகிவிடும். முதல் கச்சேரியே மந்தமாக இருந்தால் அவள் நடுவில் கழற்றிவிடுவாள். இசைக்கென்றே, எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய சமமாக 15 அல்லது 20 டெசிபெல் குறைக்கும் வடிகட்டி வைத்த ப்ளக் வாங்கு. அவள் காதுத் துவாரத்துக்குச் சின்ன அளவு வேண்டும். எந்த அளவும் பொருந்தவில்லை என்றால் தலைக்கு மேல் போடும் இயர்மஃப் போட்டுவிடு. எத்தனை டெசிபெல் குறைக்கும் என்று அட்டையில் அச்சடித்த எண் ஆய்வகத்தில் கிடைத்தது, நுரை ப்ளக்கில் அதில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்.

நுரை ப்ளக்கைப் போடும் முறை: விரலால் உருட்டிச் சுருக்கமில்லாத மெல்லிய குச்சியாக்கு. எதிர்க்கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலும் இழு, துவாரம் நேராகும். உள்ளே செலுத்தி, உப்பி நிறையும் வரை 20, 30 நொடி விரலை எடுக்காதே. சரியாக உட்கார்ந்திருந்தால் தன் குரல் தனக்குள்ளேயே கனத்துக் கேட்கும். அப்படிக் கேட்கவில்லையென்றால் எங்கோ இடைவெளி இருக்கிறது, அதன் வழியாக முதலில் கசிவது பேஸ்தான். மேடை விளக்கு அணைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். சத்தத்துக்குக் காது பழகிய பிறகு போட்டால் எல்லாம் மங்கிவிட்டதுபோலத் தோன்றும், பிடிக்காது. ப்ளக் போட்டிருந்தாலும் நெஞ்சில் விழும் அதிர்வு குறையாது. உனக்குக் கிடைத்தது அவளுக்கும் கிடைக்கும், பாட்டும் கூடவே கிடைக்கும்.

போனில் சத்தம் அளக்கும் செயலி போட்டுப் பார்க்கலாம், ஆனால் காட்டும் எண் தோராயம். அதிலும் டிபிஏ என்று போட்டிருந்தால் பேஸை வெகுவாகக் குறைத்து எண்ணிய கணக்கு. பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச முடிகிறது என்றால் அதுவே போதிய அளவீடு.

முழுப் பாட்டையும் படம்பிடிக்க விடாதே. போன் மைக் உரத்த பேஸில் திணறும். உள்ளே இருக்கும் தானியங்கிச் சரிசெய்தல் ஒவ்வொரு டிரம் அடிக்கும் குரலை அமுக்கிவிட்டு மறுபடி தூக்கும். ஞாபகத்துக்கு ஒரு நிமிஷம் போதும், அதையும் சப்ஊஃபரை விட்டுத் தள்ளி நின்று எடுக்கட்டும். அதைவிட, அன்றிரவே என்னென்ன பாடினார்கள் என்று வரிசையாக ஒரு தாளில் எழுதச் சொல். முதலில் உதிர்வது அந்த வரிசைதான்.

மறுநாள் காலை அவளிடம் காதில் இரைச்சல் இருக்கிறதா, பஞ்சு வைத்ததுபோல அடைப்பு இருக்கிறதா என்று கேள். லேசாக இருந்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் போய்விடும், அதுவரை ஹெட்போன் வேண்டாம். போகவில்லை என்றாலோ ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ, தள்ளிப்போடாமல் காது மருத்துவரிடம் காட்டு.

டிக்கெட் இன்னும் வாங்கவில்லை என்றுதானே எழுதியிருந்தாய்? அரங்கத்தின் இருக்கைப் படம் ஒன்றை அனுப்பு. மிக்ஸர் எங்கே வரும், எந்த வரிசை அவளுக்குச் சரி என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ரவி